பின்பனிப் பருவமும் பெண்ணைக்கரை உழவும்

முன்னுரை

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பியர் கொள்கை. ஆயினும், அகப்பாட்டை ஆய்வார் இவ்விரண்டனுள் நிலத்திற்குத் தரும் இடத்தைப் பொழுதிற்குத் தருவதில்லை. மலையும் காடும் வயலும் கடற்கரையும் விரிவாக ஆராயப்படுகின்றன. கார், கூதிர் முதலிய பெரும்பொழுதுகளோ திங்கட்பெயர்களை எடுத்தோதும் அளவில் கடந்து செல்லப்படுகின்றன. அவ்வாறு கடந்து செல்லப்படுவனவற்றுள்ளும் மிகுதியாகப் புறக்கணிப்புற்றது பின்பனி. கார் முல்லைக்கும் கூதிர் குறிஞ்சிக்கும் உரியவாதலின் காரணத்தை மாணவரும் எளிதிற் கூறுவர். பின்பனி பாலைக்கு உரித்தாதல் எற்றுக்கு என வினவின், விடை கூறத் தயங்குவர்.

இத்தயக்கத்திற்கு ஒரு காரணம் உண்டு. பிப்ரவரி, மார்ச்சுத் திங்கள்களை வசந்தத்தின் தொடக்கமாகக் கருதும் மேலைநாட்டு வழக்கு, பள்ளிப் பாடங்களின் வழியே நம் உள்ளத்திற் பதிந்துவிட்டது. மேலைநாட்டில் அக்காலம் உறைபனி உருகிப் புல் தளிர்க்கும் காலம். கொட்டிலில் அடைபட்ட கால்நடை வெளிப்படும் காலம். ஆண்டின் உழவு தொடங்கும் காலம். தமிழகத்திலோ அதே திங்கள்கள் புல் தீயும் காலம்; தொறு மேய்ச்சல் தேடி இடம்பெயரும் காலம்; ஆண்டின் பெரிய அறுவடை முடிந்து களம் காலியாகும் காலம். ஆண்டின் ஒரே பகுதி இரு நாட்டிலும் எதிரெதிர்ப் பொருள் தருகின்றது. இதனை உணராது பழம்பாட்டைப் பயில்வார் பாலைத்திணையின் பொழுதைப் பிழைபட உணர்தல் இயல்பே.

எனவே, பின்பனிப் பருவம் பயிர், மேய்ச்சல், உழவுத்தொழில் ஆகிய மூன்றனையும் எவ்வாறு ஆள்கின்றது என்பதனை ஒரு சிறு நிலப்பகுதியில் வைத்துக் காண யாம் முயல்கின்றோம். அந்நிலப்பகுதி, தென்பெண்ணையாற்றின் தென்கரையிலுள்ள மணலூர்பேட்டையும் அதனைச் சூழ்ந்த நாடும் ஆகும். முன்பு தென்னார்க்காடு மாவட்டத்தும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தும் அடங்கியிருந்த இவ்வூர், 2019 இல் தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. கிழக்கே மலையமான்களின் கோவலூராகிய திருக்கோவலூரும், வடமேற்கே நன்னனது செங்கண்மாவாகிய செங்கமும், தென்மேற்கே கல்வராயன் மலையும் இதனைச் சூழ உள்ளன. சங்கப் பாட்டும் பல்லவர் நடுகல்லும் சோழர் கல்வெட்டும் ஒருங்கே கிடைக்கும் நிலம் இது. ஆதலின், நூற்சான்றை நிலத்தொடு வைத்து ஒப்பிடுதற்கு ஏற்றது.

பொழுதும் திங்களும்

மாசியும் பங்குனியும் பின்பனி என்பது உரைவழி வந்த பகுப்பு. தொல்காப்பியர் பொழுதுகளின் பெயரைக் கூறினாரேயன்றி, இன்ன பொழுதிற்கு இன்ன திங்கள் என நூற்பாவில் வரையறுத்தாரல்லர். ஆவணி முதலாக இவ்விரு திங்களைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அடைவே கொள்ளும் முறையை உரையாசிரியர்களே நமக்கு விளக்கினர். நச்சினார்க்கினியர் சிங்க ஓரையை ஆண்டின் தலையாகக் கொண்டு இதனை அமைத்துக் காட்டுவர்.

இனி, மணலூர்பேட்டைப் பக்கத்து உழவரை வினவின், பனியின் கடுமை தையிலும் மாசியிலும் என்றே கூறுவர். தைப்பனி தரையையும் மாசிப்பனி மச்சையும் துளைக்கும் என்பது நாட்டு வழக்கு. பங்குனியைப் பனிக்காலம் என எவரும் கூறார். அது வெயிற்காலம் என்பதே அவர்தம் துணிபு. அங்ஙனமாயின் உரையாசிரியர் பகுப்பு வழக்கொடு மாறுபடுகின்றதோ என்னும் ஐயம் எழும்.

இவ்வையத்தை வானநூல் நீக்குகின்றது. தமிழ்த் திங்கள்கள் ஞாயிறு ஓரைகளிற் புகுவதனைக் கொண்டு அமைந்தன. விண்மீன்களை அளவாகக் கொண்ட இவ்வாண்டு, பருவங்களை ஆளும் ஆண்டினும் ஏறத்தாழ இருபது நிமிடம் நீண்டது. எனவே எழுபது, எழுபத்திரண்டு ஆண்டிற்கு ஒரு நாளாகத் திங்கள்கள் பருவத்தினின்றும் பின்தள்ளிச் செல்கின்றன. மேகநாத சாகா தலைமையில் 1952 இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதனை விரிவாக ஆராய்ந்து 1955 இல் அறிக்கை தந்தது. 1956 மார்ச்சு 21 ஆம் நாளில் இவ்வேறுபாடு 23 பாகை 15 கலை என அக்குழு கொண்டது. இதனைப் பின்னோக்கிக் கணக்கிடின், சித்திரை முதல் நாளும் இரவும் பகலும் ஒத்த நாளும் கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றாய் இருந்தமை பெறப்படும். இன்று அவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 24 நாள் உள்ளது.

இதன் பயன் யாது? கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் மாசி முதல் நாளில் நின்ற பருவநிலை, இன்று தை ஏழாம் நாளை ஒட்டி நிற்கின்றது. அற்றைப் பங்குனி இறுதியின் பருவநிலை, இற்றைப் பங்குனி முதற்கிழமையிலேயே முடிந்துவிடுகின்றது. எனவே பழைய மாசி, பங்குனி என்பன இற்றைத் தையின் முற்பகுதி தொட்டுப் பங்குனித் தொடக்கம் வரை நீண்ட காலமாகும். பெண்ணைக்கரை உழவர் பனி எனக் கூறும் காலமும் இதுவே. உரையாசிரியர் காலத்தில் இப்பெயர்ச்சி இன்றுள்ள அளவு இல்லையேனும் பாதியளவேனும் நிகழ்ந்துவிட்டது. ஆகவே, அவர்கள் தம் கண்ணாற் கண்டதனைவிடத் தமக்கு முன்னோர் வழங்கிய பகுப்பினையே போற்றினர் எனக் கருத இடமுண்டு. பகுப்பும் வழக்கும் மாறுபட்டன அல்ல, திங்களே நகர்ந்தது.

மணலூரின் மணலும் தை ஐந்தாம் நாளும்

கருநாடகத்து நந்திமலைப் பக்கத்தே தோன்றும் தென்பெண்ணை, கிருட்டினகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் மாவட்டங்களைக் கடந்து கடலூருக்கு அருகே கடலொடு கலக்கின்றது. இஃது என்றும் நீரோடும் ஆறு அன்று. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம், மார்கழியில் தெளிநீர், தையில் மணலிடையே பிரிந்தோடும் இழைகள், மாசியில் ஊற்று, பங்குனியில் மணல். ஆற்றின் இவ்வைந்து நிலையுமே இந்நாட்டு உழவரின் நாட்காட்டியாகும்.

அம்மூவனார் பாடிய அகநானூற்று 35 ஆம் பாட்டு இந்நிலையை அறியத் துணை செய்கின்றது. காரியின் கொடுங்கால் என்னும் ஊர்த்துறையில் ஓடும் பெண்ணைப் பேரியாற்றின் அறலினை மகளது கூந்தலுக்கு உவமையாக்குவது அப்பாட்டு. அறல் என்பது நீர் வற்றுங்கால் நுண்மணலில் வரிவரியாகப் படியும் அலைத்தடம். பெருவெள்ளத்தில் அறல் தோன்றாது. முற்றும் வறண்டு காற்று மணலை அள்ளும் முதுவேனிலில் அஃது அழியும். நீர் ஒடுங்கி மென்மையாக ஓடும் பின்பனியே அறல் கண்ணுக்கு இனிதாக விளங்கும் காலம். அப்பாட்டு பாலைத்திணைப் பாட்டு என்பதும் ஈண்டு நினைக்கத்தகும். புலவர் ஆற்றை எந்நிலையிற் கண்டார் என்பது உவமையினின்றே புலனாகின்றது.

மணலூர்பேட்டையில் தை ஐந்தாம் நாள் நிகழும் ஆற்றுத் திருவிழா இப்பருவத்திற்கு மற்றொரு சான்று. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் அன்று இவ்வூர்ப் பெண்ணையாற்றிற்கு எழுந்தருளித் தீர்த்தவாரி கொள்வர். சுற்றுவட்டத்து ஊர்த் தெய்வங்களும் ஆற்றுமணலுக்கு வருதல் உண்டு. இதே நாளில் பெண்ணைக்கரையின் பிற ஊர்களிலும் ஆற்றுத் திருவிழா நிகழும். இந்நாளை மக்கள் தேர்ந்தமைக்குச் சமயக் காரணத்தொடு பருவக் காரணமும் உண்டு என்பது எம் கருத்து. மார்கழி முற்பகுதியாயின் வெள்ளம் மீண்டும் வருதல் கூடும். ஆயிரக்கணக்கான மக்கள் ஆற்றினுள் இறங்குதல் இயலாது. மாசி கடப்பின் நீராடற்கு நீர் இராது. மணல் கூட்டத்தைத் தாங்கும் அளவு இறுகியும், நீர் மூழ்கும் அளவு நின்றும் இருக்கும் இடைக்காலம் தை முற்பகுதியே. அறுவடை நெல் கைக்கு வந்து, அடுத்த வேலை மும்முரமாகாத ஓய்வும் அப்பொழுதே கிடைக்கும். அவ்விழாச் சந்தைகளில் சிறுவள்ளி முதலிய கிழங்குகள் குவிதல், அவை அகழப்படும் பருவமும் அதுவே என்பதனைக் காட்டும்.

திருவிழா முடிந்தபின் ஆறு தொழிற்களமாகும். மணலை வகிர்ந்து நீரைக் கரைவயலுக்குக் கொணரும் ஊற்றுக்கால்களை வெட்டுதலும் தூர்ந்தவற்றைத் திருத்துதலும் இக்காலத்துப் பொதுவேலைகளாக இருந்தன. வட, தென் ஆர்க்காட்டு ஆறுகளின் பாசனத்தில் ஊற்றுக்கால்கள் பெற்ற இடம் பெரிது. வெள்ளரியும் பூசணியும் ஆற்றுப்படுகையில் குழி தோண்டி இடப்படுவதும் இப்பருவத்திலேயே. 1958 இல் சாத்தனூர் அணை முடிந்தபின் இந்நிலை பெரிதும் மாறியது. 119 அடி உயர அளவும் 7,321 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அவ்வணை, மணலூர்பேட்டைக்கு மேற்கே ஆற்றை மறித்து நிற்கின்றது. வானத்தை நோக்கியிருந்த உழவன் மதகினை நோக்கத் தொடங்கினான். பின்பனியின் ஆற்றுநீர் அதுமுதல் இயற்கையின் கணக்கில் மட்டும் அடங்குவதாயில்லை.

பனியும் பயிரும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வானம் தெளிகின்றது. மேகமில்லா இரவில் நிலம் பகலிற் பெற்ற வெப்பத்தை விரைந்து இழக்கும். மண்ணிலோ பருவமழையின் ஈரம் எஞ்சியிருக்கும். எனவே நிலத்தையொட்டிய காற்று குளிர்ந்து இலையிற் பனிநீராகப் படிகின்றது. ஞாயிறு ஏறிய பின்னர் வெயில் கடுக்கின்றது. இரவுக் குளிரும் பகல் வெயிலும் இவ்வாறு ஒரே நாளிற் கூடுதலே பின்பனியின் சிறப்பியல்பு. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தது. தை, மாசியிற் பெய்வதோ மிகச் சிறு கூறே. ஆதலின், இக்காலத்துப் பயிர் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கிணற்றையும் நம்பி நிற்கும்.

பனி சில பயிர்க்குத் தாய். சில பயிர்க்குப் பகை. சம்பா அறுத்த தாளடி ஈரத்தில் விதைக்கப்படும் உளுந்தும் பச்சைப்பயறும் பனியையே துணையாகக் கொண்டு காய்ப்பன. பனிப்பயறு என்னும் பெயரே இதனை விளக்கும். மொச்சையும் நாட்டு அவரையும் பகற்பொழுது குறுகிய பின்னரே பூக்கும் இயல்பின. ஆதலின் தைப் பொங்கலுக்கு மொச்சை வருதல் மரபு மட்டுமன்று, பயிரின் இயற்கையும் ஆகும். கரும்பிற்கு இரவுக்குளிரும் வறண்ட வானிலையும் நன்மை தரும். நீரும் வெப்பமும் மிகுங்கால் தண்டு வளர்கின்றது. குளிரும் வறட்சியும் கூடுங்கால் வளர்ச்சி தணிந்து சாற்றில் சருக்கரை ஏறுகின்றது. மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சருக்கரை ஆலைக்குக் கரும்பு அளிக்கும் இப்பகுதியில், ஒருபால் முதிர்ந்த கரும்பு வெட்டப்படுதலும் மறுபால் புதுக்கரணை நடப்படுதலும் பின்பனியில் ஒருங்கே நிகழ்கின்றன. மார்கழி, தையில் நடுவது முன்பட்டம். மாசி, பங்குனியில் நடுவது நடுப்பட்டம்.

நெல்லுக்கோ பனி அஞ்சத்தக்கது. மார்கழி, தையிற் பயிராகும் நவரை நெல்லின் நாற்று குளிரில் வளர்ச்சி குன்றும். இரவு குளிர்ந்து இலை நெடுநேரம் நனைந்திருப்பின் குலைநோய் பரவும். கதிர்க்கழுத்தில் அந்நோய் பற்றின் மணி பதராகும். மார்கழிப் பட்டத்து வேர்க்கடலையும் கடுங்குளிரில் முளைக்கத் தாமதிக்கும்; இலைப்புள்ளி நோயும் துருநோயும் பனி நனைப்பில் பெருகும். தென்னார்க்காடு வேர்க்கடலைக்குப் பெயர்பெற்ற நாடாதலின், திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்து பல வகைகளை உழவர்க்கு அளித்தது. மாமரம் தை, மாசியிற் பூக்கும். பனிமூட்டம் நீடிப்பின் சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பூங்கொத்தைக் கருக்கும். பெண்ணையின் மேற்பகுதியாகிய கிருட்டினகிரி மாந்தோப்புகளின் ஆண்டு வருவாய் இச்சில கிழமைகளின் வானத்தைப் பொறுத்தது.

கல்வராயன் மலையில் நிலைமை சிறிது வேறு. சாமை, தினை, கேழ்வரகு முதலியன விளைந்த அம்மலையில், பின்பனி புளியும் கடுக்காயும் திரட்டும் காலம். மழை பொய்த்த ஆண்டில் தானியம் தராத மலைநிலம், இவற்றை விற்றேனும் மக்கள் உயிர்வாழ வழி தந்தது. 1976 வரை சாகீர்தாரர் ஆட்சியில் இருந்த அம்மலையின் பொருளியலை ஆராய்வார், விளைநிலத்தை மட்டுமன்றி இப்பருவத்தின் காட்டு வருவாயையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.

மேய்ச்சலும் தொறுவும்

பயிரினும் மேய்ச்சலே பின்பனியின் கொடுமையை முதலில் உணர்வது. கார்த்திகையிற் செழித்த புல் தையிற் பூத்து, மாசியில் வித்துதிர்ந்து வைக்கோல் நிறம் கொள்ளும். பங்குனியில் குன்றடியும் புறம்போக்கும் வெறுமையாகும். இதனைச் சிலப்பதிகாரம் பொதுநிலையிற் கூறுகின்றது. முல்லையும் குறிஞ்சியும் ஞாயிற்றின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவு கொள்ளும் என்னும் காடுகாண் காதைக் கருத்து யாவரும் அறிந்தது. இத்திரிபு ஒரு நாளில் நிகழ்வதன்று. பசும்புல் தீய்ந்து பாலையாகும் முதற்படி பின்பனியே. பின்பனியைப் பாலைக்கு உரிமையாக்கிய இலக்கணம் இயற்கையை உற்றுநோக்கிய இலக்கணம் என்பதற்கு இது முதற்சான்று.

இரண்டாவது சான்று மலைபடுகடாம். செங்கண்மாவின் தலைவனாகிய நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய அந்நூல் இப்பகுதியின் நிலத்தையே பாடுகின்றது. தினை, வரகு, எள், அவரை முதலிய பயிர்களைக் கூறும் புலவர், ஆட்டினமும் செம்மறியினமும் கலந்த பெருந்தொறுவொடு காட்டில் தங்கும் ஆயரையும் காட்டுகின்றார். அவர்கள் தோலைப் படுக்கையாக்கித் தீயைத் துணையாக்கி இரவைக் கழிக்கின்றனர். ஊரை விட்டுப் பெருந்தொறுவொடு வெளியிடத்தில் இரவு தங்கும் இவ்வாழ்க்கை இன்றும் இப்பகுதிக்குப் புதிதன்று. அறுவடை முடிந்த வயல்களில் தை, மாசி தொட்டுக் கிடை அமர்த்தும் இடையர் ஊர் ஊராகப் பெயர்கின்றனர். பகலில் தாளையும் வரப்புப் புல்லையும் மேயும் ஆடுகள், இரவில் ஒரே வயலில் அடைக்கப்பட்டு அந்நிலத்திற்கு எருவூட்டும். வயலுடையார் அதற்குப் பணமோ தானியமோ தருவர். மேய்ச்சல் அற்ற காலத்து ஆட்டின் பசியும் விளைச்சல் அற்ற காலத்து மண்ணின் பசியும் ஒன்றையொன்று தீர்க்கும் ஏற்பாடு இது.

மூன்றாவது, செங்கம் பகுதி நடுகற்கள். தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972 இல் வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுப்பு, தொறுக் கொண்டும் தொறு மீட்டும் பட்ட வீரர் பலரை அறிவிக்கின்றது. மகேந்திரவருமனது 34 ஆம் ஆட்சியாண்டில் எழுந்த எடத்தனூர் நடுகல், கருந்தேவகத்தி என்னும் வீரனொடு கள்வரைக் கடித்துத் தொறுக் காத்த கோவிவன் என்னும் நாயையும் பாடுபொருளாக்கியது. இக்கல்வெட்டுகள் பெரும்பாலும் ஆட்சியாண்டைக் கூறுவனவன்றித் திங்களைக் கூறுவன அல்ல. எனவே ஆகோள் நிகழ்ந்த பருவத்தை நேரே காட்டுதல் இயலாது. எனினும் ஒன்று எண்ணத்தகும். மழைக்காலத்தில் ஆறுகள் பெருகி வழி மறிக்கும். மாட்டுநிரையை நெடுந்தொலைவு ஓட்டுதல் அரிது. தொறு ஊரின் அருகேயே மேயும். பின்பனி தொட்டு வேனில் ஈறாகத் தொறு புல் தேடி ஊருக்குச் சேய்மையிற் செல்லும். ஆறுகள் கடத்தற்கு எளியவாகும். ஆகோள் இக்காலத்தே மிக்கிருத்தல் கூடும் என்பது எம் ஊகம், துணிபு அன்று.

சோழர் காலத்து நந்தாவிளக்குக் கொடையும் ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு விளக்கிற்கு 96 ஆடு அளித்து நாடோறும் உழக்கு நெய் பெறுதல் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளால் தெளிவாகின்றது; 90 ஆடு அளித்தலும் பிற இடங்களில் உண்டு. சாவா மூவாப் பேராடு என்பது அவ்வாடுகளின் பெயர். நாளொன்றுக்கு உழக்கு நெய் என்னும் அளவிற்கு இவ்வெண்ணிக்கை மிகையெனத் தோன்றலாம். ஆனால் நெய்யின் அளவு ஆண்டு முழுதும் மாறாதது; பாலோ புல்லொடு குறைவது. வளமான கார்காலத்தை மட்டும் எண்ணியிருப்பின் குறைந்த எண்ணிக்கையே போதும். பால் சுருங்கும் காலத்தும் விளக்கு அவியாதிருக்கவே இத்தொகை வரையறுக்கப்பட்டது எனக் கொள்ளின், மேய்ச்சலின் பருவ ஏற்றத்தாழ்வை அறிந்தே அக்கொடைகள் அமைந்தன என்பது போதரும்.

களமும் கூரையும் ஏரும்

பின்பனிக்கால உழவுத்தொழிலின் ஒழுங்கு பனியின் நேரத்தை ஒட்டியது. நெல் அறுப்பார் பனி உலரும்வரை காத்திருப்பர். ஈரத்தாளைக் கட்டின் போரில் வெம்மை ஏறிப் பூசணம் பிடிக்கும். உளுந்தும் எள்ளும் அறுப்பாரோ பனியீரம் உள்ள விடியலிலேயே வயலில் இறங்குவர். வெயில் ஏறின் நெற்று வெடித்து மணி சிதறும். ஒரே ஊரில் ஒரே காலையில் ஒருவர் பனி போகக் காத்திருக்க, மற்றொருவர் பனி போகுமுன் முடிக்க விரைதலைக் காணலாம்.

அறுவடை முடிந்தபின் வைக்கோல் போராகும், எஞ்சியது கூரையாகும். கொன்றைவேந்தன் தையிலும் மாசியிலும் உறங்கும் இடம் பற்றிக் கூறும் தொடரில் வையகம் என்னும் சொல் வருகின்றது. இதனை உலகம் எனக் கொள்ளின் தொடர் பொருட்சிறப்பின்றி நிற்கும். வை, அகம் எனப் பிரித்து வைக்கோல் வேய்ந்த மனை எனக் கொள்வாரது உரையே பருவத்தொடு பொருந்துவது. மேற்கூறிய உழவியல் அதனை வலியுறுத்துகின்றது. புதுவைக்கோல் கிடைக்கும் காலமும், பனி கூரையைத் துளைக்கும் காலமும், கூரை மாற்ற ஆட்கட்கு ஓய்வு கிடைக்கும் காலமும் தை, மாசியே. நூலின் ஒரு சொல்லுக்குப் பொருள் காண உழவனது நாட்காட்டி துணையாதலை இது காட்டும்.

மாசியில் ஒரு மழை கிடைப்பின் உழவர் உடனே ஏர் பூட்டுவர். மண்ணைப் புரட்டி வெயிலுக்குக் காட்டுதலால் களையின் வேரும் புழுவின் கூடும் அழியும். கோடையில் வரும் மழைநீர் நிலத்தினுள் இறங்கும். உழுத புழுதி நான்கில் ஒரு பங்காக உணங்கின் எருவும் வேண்டா என்னும் கருத்தையும், உழுதலினும் எருவிடுதல் நன்று என்னும் கருத்தையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். இவ்விரண்டும் பயில்வார்க்கு முரண்போலத் தோன்றும். புழுதி உணக்கும் கோடையுழவும், கிடை அமர்த்தி எருவூட்டலும் ஒரே பருவத்தில் அடுத்தடுத்து நிகழும் தொழில்கள் என்பதனை அறிந்தார்க்கு முரண் தோன்றாது.

பின்பனி பாலைக்கு உரித்தாதல்

இதுகாறும் கூறியவற்றால் பாலைக்கும் பின்பனிக்கும் உள்ள உறவு தெளிவாகும். அறுவடை முடிந்து இல்லத்தார்க்கு ஓராண்டின் உணவு சேர்ந்துவிட்டது; தலைவன் பொருள்வயிற் பிரிதற்குத் தடையில்லை. ஆறுகள் அறல்பட ஒடுங்கின, வழி திறந்தது. புல் தீய்ந்தது, தொறு பெயர்கின்றது, ஆகோள் அச்சம் வழியிற் பெருகுகின்றது. பகல் வெயில் செல்வானை வருத்த, இரவுப் பனி இருப்பாளை வருத்துகின்றது. பிரிவிற்கு வேண்டும் வாய்ப்பும் பிரிவின் துன்பமும் ஒரே பருவத்திற் கூடுகின்றன.

இலக்கிய மரபு வேறு, உழவர் வாழ்க்கை வேறு எனச் சிலர் மறுக்கலாம். புலவர் யாவரும் உழவியல் கூறப் பாடினர் என்பது எம் கருத்தன்று. ஆயின், பொழுதை முதற்பொருளாக வைத்த இலக்கணம் அப்பொழுதை எங்கிருந்து பெற்றது என்னும் வினா எஞ்சும். அது வானத்திலிருந்தும் வயலிலிருந்தும் பெற்றது என்பதன்றி வேறு விடை இல்லை.

முறை பிறழும் பருவம்

பருவம் முறை பிறழ்தல் புதிதன்று. 1876 இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபொழுது தொடங்கிய பெரும்பஞ்சம் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது. மழையின்மை கார்த்திகையில் தெரிந்தது. அதன் விளைவோ தையில் அறுவடையின்மையாகவும் மாசியில் தீவனமின்மையாகவும் வெளிப்பட்டது.

அண்மைக்காலத்துப் பிறழ்ச்சி வேறு வகையது. 2021 சனவரியில் தமிழகத்தில் இயல்பினும் பன்மடங்கு மழை பெய்து, பொங்கல் வேளையில் முற்றிய கதிர்கள் வயலிலேயே சாய்ந்து முளைத்தன. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பெய்த பருவந்தவறிய மழை காவிரிக் கழிமுகத்துச் சம்பாவை அழிக்க, தமிழக அரசு எக்டேருக்கு 20,000 ரூபாய் உதவி அறிவித்தது. நெல்லின் ஈரம் நூற்றுக்கு 17 ஐக் கடப்பின் கொள்முதலுக்கு வழக்கமாக ஏற்கப்படுவதில்லை. பனியும் மழையும் கூடிய ஆண்டில் இவ்விதியே உழவனுக்கு இரண்டாம் இடராகின்றது. 2024 நவம்பர் 30 ஆம் நாள் புதுச்சேரிக்கு அருகே கரைகடந்த பெஞ்சல் புயலை அடுத்து, திசம்பர் 2 ஆம் நாள் சாத்தனூர் அணையினின்றும் நொடிக்கு 1,68,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. பெண்ணைக்கரை வயல்கள் பலவற்றில் மணல் மேவியது. தையில் அறுவடை காண வேண்டிய நிலத்தில், மணலை அகற்றுதலே அவ்வாண்டுத் தை மாத வேலையாயிற்று.

பருவம் இவ்வாறு மாறுங்கால், பழைய பருவத்தைப் பற்றிய குறிப்புகள் பெருமதிப்புப் பெறுகின்றன. இங்கிலாந்தில் இராபர்ட்டு மார்சம் என்பார் 1736 முதல் வசந்தத்தின் அறிகுறிகளை ஆண்டுதோறும் குறித்தார். அவர் வழித்தோன்றல்கள் 1958 வரை அதனைத் தொடர்ந்தனர். சப்பானில் கியோத்தோ நகரத்துச் செர்ரி மலரும் நாள் பற்றிய குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டு முதற்கொண்டு கிடைக்கின்றன. 2021 இல் அம்மலர்ச்சி ஆயிரத்திருநூறு ஆண்டுகளில் இல்லாத அளவு முந்தியது என்பதனை அக்குறிப்புகளே உணர்த்தின. அத்தகைய நாட்குறிப்பு பெண்ணைக்கரைக்கு இல்லை. நமக்குள்ள குறிப்பேடு பாட்டும் கல்லும் சொல்லுமே.

முடிவுரை

மூன்று முடிபுகளை யாம் இக்கட்டுரையில் முன்வைத்தோம். பின்பனியின் திங்கட்பகுப்பு நிலவழக்கொடு முரண்படுவதன்று. விண்மீன் ஆண்டின் நகர்வே அம்முரணைத் தோற்றுவித்தது. பின்பனி பாலைக்கு உரித்தாதல் பயிரும் புல்லும் ஆறும் ஒருங்கே காட்டும் உண்மை. வையகம், அறல், சாவா மூவாப் பேராடு போன்ற சொற்களின் பொருள் உழவுக் காலத்தொடு வைத்துக் காணும்பொழுதே நிறைவுறும்.

இவற்றுள் முதலிரண்டும் மேலும் ஆராயத்தக்கன. அறிஞர் மறுத்துரைப்பின் ஏற்போம். மூன்றாவது காத்திராது. பட்டம், தாளடி, கிடை, ஊற்றுக்கால் முதலிய சொற்களை வாழ்க்கையில் வழங்கிய தலைமுறை மறைந்து வருகின்றது. ஊற்றுக்கால் வெட்டாத ஊரில் அச்சொல் இன்னும் சில ஆண்டே நிற்கும். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரின் தையும் மாசியும் எவ்வாறு நிகழ்கின்றன என்பதனை ஓராண்டேனும் நாள்தோறும் எழுதி வைப்பாராயின், பிற்காலத்தார் நம் நூல்களைப் படிக்க அஃது உரையாக அமையும். தை ஐந்தாம் நாள் மணலூர்பேட்டை ஆற்றில் நீர் எத்துணை அகலம் ஓடிற்று என்னும் ஒரு வரியிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.